கயையில் விட்ட மமகாரம்

காலி டப்பாவைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் குமட்டும். பால்பவுடர் டப்பாவோ, பிஸ்கெட் டப்பாவோ, காலியான அன்றே வீட்டை விட்டு வெளியே போய்விட வேண்டும். "கழுவி வெச்சா பருப்பு போட்டு வெச்சுக்கலாமேம்மா" என்பாள் என் மருமகள். வேண்டவே வேண்டாம் என்று கத்துவேன். அவளுக்கு என்ன தெரியும்? மாட்டுங்கா வீட்டின் பின் ரூமை அவள் பார்த்ததில்லை.

அறுபதுகளின் நடுவில் நாங்கள் மாட்டுங்காவில், மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடியில் குடியிருந்தோம். முன்னால் ஹால், அதை ஒட்டிச் சமையலறை, நானும் என் கணவரும் படுத்துக்கொள்ளும் சின்ன ரூம், பின்னால் ஜன்னல் இல்லாத இன்னொரு ரூம். வீடு என் கணவருடைய அண்ணாவின் பேரில் இருந்தது. அவர் மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். குழந்தைகள் கிடையாது. ஆபீஸிலிருந்தும் ரிடையர் ஆகிவிட்டார். என் கணவரைப் படிக்கவைத்து, பம்பாய்க்குக் கூட்டிவந்து, வேலை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். அதனால் அண்ணா உட்கார் என்றால் இவர் உட்காருவார், நில் என்றால் நிற்பார். அண்ணாவை எதிர்த்து ஒரு வார்த்தை இவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை.

அந்தப் பின் ரூமைப் பற்றிச் சொல்லும்போதே மூக்கைப் பொத்திக்கொள்ளத் தோன்றுகிறது. தரையிலிருந்து உத்தரம் வரைக்கும் அண்ணா சேர்த்து வைத்த காலி டப்பாக்கள். நடுநடுவே சணல் கட்டிய பழைய பேப்பர் கட்டுகள், கம்பி மட்டும் மிஞ்சிய குடைகள், வார் அறுந்த செருப்புகள், அவர் மனைவி கடைசியாகக் குடித்த மருந்தின் புட்டிகள். மருந்து புட்டிக்கு அடியில் கறுத்துக் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும். கதவைத் திறந்தால் எலி மூத்திர நாற்றம் முகத்தில் அடிக்கும். மழைக்காலத்தில் பேப்பரெல்லாம் ஊறி, அந்த வாடை என் தோசைமாவு வரைக்கும் வந்துவிடும். விளக்கைப் போட்டால் கரப்பான்பூச்சி சுவர் பூரா சிதறி ஓடும். ஒருநாள் நான் மூடிவைத்த பாலில் ஒன்று மிதந்தது. அன்று பூரா எனக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

அண்ணாவோ தினமும் ஸ்நானம், ஜபம் எல்லாம் முடித்து, நெற்றி நிறைய விபூதியோடு அந்த ரூம் வாசலில் போய் ஒரு நிமிஷம் நிற்பார். சன்னிதியில் நிற்கிற மாதிரிதான் நிற்பார். எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் காப்பிக்கு வருவார்.

பித்ரு காரியம் செய்ய வேண்டும் என்று ஒரு வருஷம் அவரும் நாங்களும், எங்கள் தெருக்காரர்கள் சிலருமாகச் சேர்ந்து காசிக்கும் கயைக்கும் போனோம். கயையில் ஒரு வழக்கம் உண்டு. சிராத்தம் முடிந்ததும், அட்சய வடம் என்கிற ஆலமரத்தடியில், மனசுக்குப் பிடித்த காய் ஒன்றையும் பழம் ஒன்றையும் விட்டுவிட வேண்டும். ஆயுசுக்கும் அதைத் தொடக் கூடாது. ஆசையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கையை விட்டுப் பழகத்தான் அந்த ஏற்பாடு. நம்மவர்கள் சாமர்த்தியம் கேட்கவா வேண்டும்? பாதிப் பேர் பாகற்காயை விட்டார்கள். என் கணவர் பீர்க்கங்காயை விட்டார். பிறந்ததிலிருந்தே அதை அவர் இலையில் போட்டுக்கொண்டது கிடையாது. நான் ஒரு அசடு. பாலக்காட்டுப் பக்கத்தில் பிறந்தவள், சக்கைப்பழம், அதுதான் பலாப்பழம், என்றால் எனக்கு உயிர். அதைத்தான் விட்டேன்.

அண்ணாவின் முறை வந்தது. அங்கே காரியம் பண்ணிவைக்கும் பண்டா, "ஃபல் போலோ, சப்ஜி போலோ" என்று பழத்தையும் காயையும் சொல்லச் சொல்லி அவசரப்படுத்தினார். அண்ணா கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்கையில் ஜலத்தை ஏந்தி, சுற்றியிருந்த தமிழ்க் கூட்டம் பூரா கேட்கும்படி, "காயையும் பழத்தையும் விடறதுக்காக நான் இத்தனை தூரம் வரலே. என்னோடதுங்கற மமகாரத்தையே இங்கே விட்டுட்டேன்" என்று சொல்லி ஜலத்தைத் தரையில் விட்டார்.

பண்டாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "வோ தோ டீக் ஹை. சப்ஜி?" என்றார். அது சரி, காய் எது என்று கேட்கிறார். அண்ணா கையை உதறிவிட்டு எழுந்துவிட்டார். எங்கள் தெரு அம்மாள் ஒருத்தி, "நாங்கள்லாம் காயை விட்டோம், நீங்க மமகாரத்தையே விட்டுட்டேளே!" என்று கண்ணீர் விட்டு அவர் காலில் விழுந்தாள். வந்திருந்த அத்தனை பேரிலும் ஒரு காயைக்கூட இழக்காமல் ஊர் திரும்பியவர் அவர் ஒருத்தர்தான்.

அது மட்டுமா? ஊர் வந்ததும் பெரிய வேதாந்தியாகிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் ஹாலில் சத்சங்கம். விசிப்பலகையில் ஜமக்காளம் விரித்து அவர் உட்காருவார். எதிரில் மாட்டுங்கா பாதி உட்காரும். "வீடு என்னோடது இல்லே. உடம்பு என்னோடது இல்லே. நான் வெறும் வாட்ச்மேன். முதலாளி மேலே இருக்கான். இதை மனசிலே வாங்கிண்டா அப்புறம் எந்தக் கவலையும் இல்லே, நிம்மதி தானா வரும்" என்பார். சமையலறையில் சுண்டல் தாளித்துக்கொண்டு நான் பல்லைக் கடிப்பேன்.

மார்க்கெட்டில் சக்கைப்பழம் வந்தால் அவர்தான் முதலில் வாங்குவார். என் எதிரில் உட்கார்ந்து சுளை சுளையாகத் தின்று, விரலை நக்கிக்கொண்டே, "பாவம், நீ விட்டுட்டயே" என்பார். கொட்டைகளைக் கழுவி ஒரு டப்பாவில் போட்டு மூடுவார். டப்பா பின் ரூமுக்குப் போகும். அங்கே அவை பூத்து, புழுத்து, யாருக்கும் இல்லாமல் போகும். சீ! இப்போது எழுதும்போதுகூட அந்த விரல் நக்குகிற சத்தம் காதில் கேட்கிறது.

இந்தச் சமயத்தில்தான் என் அம்மாவுக்குக் கண் மறைக்க ஆரம்பித்தது. ஒரு கண்ணை ஊரிலேயே வைத்தியம் என்ற பேரில் யாரோ கெடுத்து வைத்திருந்தார்கள். மிச்சம் இருந்த ஒரே கண்ணில் புரை. அம்மா செம்பூரில் என் தம்பியோடு இருந்தாள். அவன் டிராம்பேயில் ஷிப்ட் வேலைக்குப் போகிறவன். அவன் வீடு ஒரே ரூம். அதில் கைக்குழந்தை ஒன்று, ஓடி விழுந்து விளையாடுகிற பிள்ளைகள் வேறு. ஆபரேஷன் செய்த பிறகு கட்டு அவிழ்க்கும்வரை இருட்டான இடத்தில் மல்லாந்து படுத்தே இருக்க வேண்டும், தலையை வெடுக்கென்று அசைத்தால்கூடக் கண் போய்விடும், அப்புறம் என்னைக் கேட்காதீர்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்தக் காலத்தில் அப்படித்தான். தலைக்கு இரண்டு பக்கமும் மணல்மூட்டை வைத்துக் கிடத்துவார்கள்.

ஜன்னல் இல்லாத, யாரும் நடமாடாத, இருட்டான ரூம். எங்கள் பின் ரூமைவிட அதற்குப் பொருத்தமான இடம் உண்டா? அண்ணாவிடம் போனேன். என் கணவரும் ஹாலில்தான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, எங்கம்மாவுக்குக் கண் ஆபரேஷன். கட்டு அவிழ்க்கறவரைக்கும் பின் ரூமைத் தரணும்."

அவர் புன்சிரிப்புச் சிரித்தார். "தரணும்னா என்ன அர்த்தம்? தர்றதுக்கு அது என்னோடதா? எதுவும் என்னோடது இல்லேன்னு கயையிலே ஜலம் விட்டவனாக்கும் நான். இல்லாததை எப்படித் தர்றது, நீயே சொல்லு."

"அங்கே இருக்கற சாமானையாவது எடுத்துடலாமோ?"

"அதுவும் பகவானோடதுதான். அதைத் தூக்கி எறிய எனக்கு ஏது அதிகாரம்?"

ஒரு கண் போகிற விஷயத்தைச் சொல்கிறேன், இந்த மனுஷர் வேதாந்தத்தைப் பூட்டாக்கிக் கதவில் மாட்டுகிறார். இல்லை என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். கஞ்சத்தனம் என்று திட்டிவிட்டு மறந்துகூடப் போயிருப்பேன். இதற்கு என்ன செய்வது?

"தர்றதுக்கு உங்களோடது இல்லேன்னா, கூடாதுன்னு சொல்றதுக்கும் உங்களோடது இல்லையே, அண்ணா" என்றேன்.

"நான் கூடாதுன்னு சொன்னேனா?" என்றார், அதே சிரிப்போடு.

என் கணவரைப் பார்த்தேன். பேப்பர் இன்னும் கொஞ்சம் மேலே ஏறி அவர் முகத்தை முழுக்க மறைத்துக்கொண்டது.

"சரி, பகவானையே கேட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். சுவாமி முன்னால் விளக்கேற்றி, ஹாலுக்குக் கேட்கும்படி உரக்கவே கேட்டேன். பகவான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

நான் வேதாந்தத்துக்கு விரோதி இல்லை. எங்கள் வீட்டில் ஹோமம் பார்த்து வளர்ந்தவள்தான் நான். கரண்டி நெய் அக்கினியில் விழும், உடனே "ந மம" என்று சொல்வார்கள். என்னுடையது அல்ல என்று அர்த்தம். நெய் கையை விட்டுப் போன பிறகுதான் அந்த வார்த்தை. அண்ணாவோ நெய்க்கிண்ணத்தை இடுக்கிக்கொண்டு வார்த்தையை மட்டும் சொல்கிறார். நல்ல வார்த்தை ஒன்று அவர் வாயில் விழுந்து ஊசிப்போனதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் காலையில் அவர் தாதரில் யார் வீட்டிலோ கீதை சொல்லப் போயிருந்தார். தெருவில் தள்ளுவண்டியோடு போன பங்கார்வாலாவைக் கூப்பிட்டேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தாராவியில் பழைய சாமான் கடை வைத்திருந்தவர். நாள் பூரா பழைய சாமானோடு பழகுகிறவர், அவரே ரூம் கதவைத் திறந்ததும் துண்டை எடுத்து மூக்கைக் கட்டிக்கொண்டார்.

"என்னம்மா இது, எளவு நாத்தம் நாறுது! மனுசன் இருக்க வீடா இது? எத்தன வருசமா வச்சிருக்கீய?"

"இது எங்களோடது இல்லேப்பா."

"பொறவு யாரோடது?"

"பகவானோடது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நல்லா சொல்லுதீய போங்க. பகவான் வந்து கேட்டாருன்னா நான் என்ன சொல்ல?"

"தாராவிக்கு வரச் சொல்றேன், கவலைப்படாதே. காசு ஒண்ணும் வேண்டாம். எடுத்துண்டு போனாப் போறும்."

பேப்பர் கட்டு ஒன்றை இழுத்ததும், முடிகூட முளைக்காத எலிக்குஞ்சுகள் பொலபொலவென்று என் கால்மேல் விழுந்தன. வெளியே கேலரி வராந்தாவுக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்துவிட்டு வந்தேன். வண்டி நிறைந்து, போய், மறுபடியும் வந்தது. ரூம் காலியானதும் பினாயில் ஊற்றித் தேய்த்தேன். தரையில் என்ன நிறத்தில் கல் போட்டிருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

மத்தியானம் அண்ணா வந்தார். வழக்கம்போல் ரூம் வாசலில் போய் நின்றார். முகம் வெளுத்துவிட்டது. வாயைத் திறந்தார், மூடினார், மறுபடியும் திறந்தார். அவர் சொல்ல வேண்டியிருந்தது ஒரே ஒரு வார்த்தை. அதைத்தான் கயையில் தாரை வார்த்தாயிற்றே! செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். வெயில் சாய்ந்த பிறகு, வேட்டியெல்லாம் துருவும் கறையுமாக, தோளில் ஒரு சாக்குமூட்டையோடு வந்தார். தாராவியில் கடை கடையாகத் தேடியிருக்கிறார். கீதை சொல்லித் திருப்பி வாங்கினாரோ, கெஞ்சி வாங்கினாரோ, தெரியாது. சாக்கை எங்கே கொண்டு வைத்தார் என்று பார்க்க எனக்குப் பொழுதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது.

ஆபரேஷன் ஆகி அம்மாவை டாக்ஸியில் கூட்டிவந்து, பின் ரூமில் கட்டிலில் படுக்கவைத்தோம். இரண்டு கண்ணுக்கும் சேர்த்துக் கட்டு. காப்பிகூட ஸ்பூனால்தான். அம்மாவுக்கு வேதாந்தம் ஒன்றும் தெரியாது. வம்பு கேட்பாள், சாம்பாரில் உப்புக் குறைச்சல் என்பாள், பாட்டை முணுமுணுப்பாள், தூங்குவாள். "இப்படியே கெடந்தா பொழுது எப்படிம்மா போறது?" என்று கேட்டேன். "அது பாட்டுக்குப் போறதுடீ. நானா தள்ளணும்?" என்றாள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம். என் கணவர் அரைநாள் ஆபீஸ் முடிந்து வந்து படுத்திருந்தார். நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். பின் ரூமிலிருந்து அம்மாவின் குரல், ரொம்ப மெதுவாக, வந்தது.

"டீ, இங்கே வா. யாரோ என் கட்டிலுக்கு அடியிலே டப்பா வெக்கறா."

ஓடிப்போய்ப் பார்த்தால், அண்ணா கட்டிலுக்கு அடியில் பாதி உடம்பை நுழைத்து, மண்டியிட்டு, டப்பாக்களை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளிக்கொண்டிருக்கிறார். மூடி இல்லாத ஒரு டப்பாவிலிருந்து வந்த கரப்பான்பூச்சி அம்மாவின் கன்னத்தில் ஏறி, கட்டின் ஓரத்தில் மீசையை ஆட்டிக்கொண்டு நிற்கிறது. அம்மா அசையவில்லை. விரல்கள் மட்டும் போர்வையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தன.

"கன்னத்திலே என்னமோ ஊர்றது. எடுத்துடு. நான் அசையப்படாது" என்றாள்.

வெறுங்கையால் அதைப் பிடித்து நசுக்கினேன். அந்தப் பிசுபிசுப்பு இன்னும் என் கையில் இருக்கிறது. "நீங்க மனுஷர்தானா?" என்று கத்தினேன். அண்ணா கட்டிலுக்கு அடியிலிருந்து தலையை வெளியே எடுத்து, "ஏன் இப்படிக் கத்தறே? மாமிக்குத் தொந்தரவு இல்லாமதானே வெக்கறேன். கண்ணைக் கட்டியிருக்கு, தெரியவா போறது?" என்றார்.

"கண்ணைத்தான் கட்டியிருக்கா. காதைக் கட்டலையே" என்றாள் அம்மா, படுத்தபடியே.

"இது என்னோடது இல்லே மாமி. பகவானோடது."

"அப்போ அவரையே வந்து எடுத்துண்டு போகச் சொல்லுங்கோ."

என் கணவர் வாசலில் வந்து நின்றிருந்தார். என் உள்ளங்கையைப் பார்த்தார், அம்மாவின் கட்டைப் பார்த்தார். "அண்ணா, எழுந்திருங்கோ" என்றார். அண்ணா எழுந்திருக்கவில்லை. "எழுந்திருங்கோன்னேன்" என்று இவர் மறுபடியும் சொன்னார். இவரே மண்டியிட்டு, ஒவ்வொரு டப்பாவாக இழுத்து, சாக்கில் போட்டு, கீழே குப்பைத்தொட்டியில் கொட்டிவிட்டு வந்தார். வந்து கேலரியில் நின்று ரொம்ப நேரம் ஓங்கரித்தார். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கண் பிழைத்தது. கட்டை அவிழ்த்து, சோடாபுட்டிக் கண்ணாடி போட்டு அனுப்பினார்கள். அம்மாவை மறுநாள் செம்பூருக்குக் கொண்டுவிடுவதாக ஏற்பாடு. அன்று ஞாயிற்றுக்கிழமை. ஹாலில் சத்சங்கம் நடந்துகொண்டிருந்தது.

"நீங்களே பார்க்கறேள்" என்று சொல்லிக்கொண்டிருந்தார் அண்ணா. "கண் தெரியாத ஒரு அம்மா. இடம் இல்லே. என் பின் ரூமை அப்படியே விட்டுக்கொடுத்தேன். அதிலே இருந்த சாமான் எல்லாத்தையும் துறந்தேன். ஏன்? எதுவும் என்னோடது இல்லே. அதனாலேதான் என் மனசு தெளிஞ்ச ஜலமா இருக்கு."

சுண்டலைக் கிண்ணங்களில் போட்டுக்கொண்டே நான் இதைக் கேட்டேன். என் தாயின் கண்ணைப் பறிக்கப் பார்த்துவிட்டு, அதையே தன் தர்மக் கணக்கில் எழுதிக்கொள்கிறாரே! தூ!

அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஹாலுக்கு வந்தாள். எல்லோரும் திரும்பிப் பார்த்து, "பாக்கியம் பண்ணின மாமி" என்றார்கள். அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு விசிப்பலகையைப் பார்த்தாள்.

"நீங்கதானா? இத்தனை நாள் குரலை மட்டும் கேட்டு, முன்னைவிட ஒசரமா ஆயிட்டேள்னு நெனச்சுட்டேன்" என்றாள். கூட்டம் சிரித்தது. அண்ணாவும் சிரித்தார். அம்மா அதே குரலில், "மிச்ச டப்பாவெல்லாம் இப்போ எங்கே வெச்சிருக்கேள்? சேஃபா இருக்கோ?" என்று கேட்டாள்.

அண்ணாவின் கண் தன்னால் கீழே போயிற்று. இரண்டு காலையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொண்டார். அப்போதுதான் கவனித்தேன், விசிப்பலகையின் ஜமக்காளம் தரை தொடும்படி இழுத்துவிடப்பட்டிருந்தது. கயையில் காலில் விழுந்த அம்மாள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பக்தியோ, சந்தேகமோ, அவள் குனிந்து அந்த ஜமக்காளத்தின் ஓரத்தை மெல்லத் தூக்கினாள்.

டப்பாக்கள். குடைக்கம்பி. மருந்துப் புட்டிகள். கூடவே அந்தப் பழைய நாற்றம். உள்ளே இருந்து என்னவோ அவள் புடவைப் பக்கம் ஓடிவர, அலறிக்கொண்டு காலை உதறினாள். ஒரு டப்பா உருண்டு வெளியே வந்தது. யாரோ அதைக் காலால் தள்ளப் பார்த்தார்கள்.

"தொடாதேங்கோ!" அண்ணா பலகையிலிருந்து பாய்ந்து இறங்கி, இரண்டு கையாலும் டப்பாவை வாரி அணைத்துக்கொண்டார். "யாரும் தொடப்படாது! அது என்னோடது!"

அப்புறம் ஒவ்வொருத்தராக எழுந்து, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனார்கள். சுண்டலை ஒருத்தர் தொடவில்லை. அந்த நாற்றத்தில் யார் தொடுவார்கள்?

அம்மா மட்டும் உட்கார்ந்து ஒரு கிண்ணம் வாங்கிக்கொண்டாள். "சுண்டல் என்ன பண்ணித்து, பாவம்" என்று சொல்லி, ரசித்துத் தின்றாள். பிறகு தரையில் டப்பாவோடு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தாள்.

"அவருக்கும் ஒரு கிண்ணம் குடுடீ. இத்தனை நாள் கழிச்சு இன்னிக்குத்தான் மனுஷர் நெஜத்தைச் சொல்லியிருக்கார்."

அம்மா சொன்னாள் என்பதற்காகக் கொடுத்தேன். கையில் கொடுக்கவில்லை, தரையில் வைத்து நகர்த்தினேன். ஒரு கையால் டப்பாவை விடாமல் பிடித்துக்கொண்டு, மறு கையால் சாப்பிட்டார். அம்மா உள்ளே போய்ப் படுத்துத் தூங்கிவிட்டாள். நான் அந்தக் கிண்ணத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். அதற்குப் பிறகும் அதில் எனக்குச் சாப்பிட முடியவில்லை.